டாக்டருக்கு எண்பது மார்க்

திருநாவுக்கரசுவின் முதுகுவலி எவ்வளவு பெரியது என்பது பட்டர்வொர்த் பக்கத்துப் பாகான் டாலாமில் அவர் மனைவி தனலெட்சுமி ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களைக் கேட்டால், சாருக்கு லேசான பிடிப்பு, இப்போது தேவலையாம் என்பார்கள். அப்படித்தான் அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தெருவில் யார் நலம் விசாரித்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பரவால்ல, பரவால்ல என்று கையை வீசுவார். வீட்டுக் கதவைச் சாத்திய மறுநிமிடம் நாற்காலி சரியில்லை, மெத்தை சரியில்லை, மின்விசிறிக் காற்று முதுகில் குத்துகிறது, இவள் வைத்த ரசத்தில்கூட வாயு ஏறுகிறது என்று தொடங்கிவிடுவார். அது இரவு படுக்கும்வரை ஓயாது.

தனலெட்சுமி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். வலி உங்களுக்கு, வைத்தியம் பார்ப்பவர் டாக்டர், நடுவில் நான் எதற்கு, இங்கே கொட்டுவதில் பாதியையாவது அங்கே போய்க் கொட்டக்கூடாதா என்று. அவர் கேட்கிற ஆளா? வெளி மனிதர்கள் முன்னால் போய் அங்கே வலிக்கிறது, இங்கே வலிக்கிறது என்று மூக்கைச் சிந்துவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பெண்டாட்டியிடம் சிந்தினால் மட்டும் கௌரவம் பத்திரமாக இருக்கும் போலிருக்கிறது.

இரண்டு பக்கமும் வலிதான் என்றாலும் இடது பக்கம் மோசம். குனிந்து முகம் கழுவ முடியாது, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மாத்திரை, தைலம், உடற்பயிற்சி எல்லாம் பார்த்துச் சலித்த பிறகு, கோலாலம்பூரில் இருக்கும் மகள் எங்கோ விசாரித்து, ஜார்ஜ் டவுனில் வலிக்கென்றே தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். தனலெட்சுமிதான் காரை எடுத்துக்கொண்டு கடல் மேல் போகும் நீளப் பாலத்தைக் கடந்து, ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் ஹைக்கல் இளவயசுக்காரர். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. மலாய்க்காரராக இருந்தும் இவர்களைப் பார்த்ததும் கைகூப்பி வணக்கம் என்றார். அந்த ஒரு வணக்கத்திலேயே திருநாவுக்கரசு பாதி விழுந்துவிட்டார். மீதியும் விழுந்தது டாக்டர் படம் போட்டு மலாயில் விளக்கியபோது. முதுகெலும்பில் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு ஒன்று இருக்கிறது, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்றார். முதலில் இடது பக்கம் ஒரு சோதனை. அந்த நரம்பை மரத்துப்போக வைக்க ஊசி போட்டுப் பார்ப்போம். வலி போனால் அதுதான் குற்றவாளி. பிறகு ஒருநாள் ஊசி வழியாகவே சூடு வைத்து அதைக் கருக்கிவிடலாம். வலி போகவில்லை என்றால் அந்த நரம்பைத் தொடக்கூடாது, வேறு இடத்தில் தேட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விளக்கம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்திய மனிதர் தலையைத் தலையை ஆட்டினார்.

சோதனை நாளன்று தனலெட்சுமி வெளியே உட்கார்ந்திருந்தாள். கோணிக்கொண்டு உள்ளே போனவர் கோணிக்கொண்டே வெளியே வந்தார். டாக்டர் பின்னாலேயே வந்து இவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கார் வாகன நிறுத்தத்தை விட்டு வெளியே வருவதற்குள் திருநாவுக்கரசு ஆரம்பித்துவிட்டார். மூன்று இடத்தில் குத்தினார்கள், ஒரு மண்ணும் ஆகவில்லை, போனபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, நீ வேறு மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டுகிறாய் என்று பாலம் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். சரி, அந்த நரம்பு இல்லை போலிருக்கிறது, இனி வேறு எங்காவது தேடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இரண்டு நாளில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. சோதனை நன்றாக வந்திருக்கிறது, நரம்பைக் கருக்க வரச்சொல்லி டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார் என்றார்கள். தனலெட்சுமிக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பெரிய படிப்புப் படித்தவர்கள், கணினியில் ஏதாவது பார்த்திருப்பார்கள், இவர் முனகலை வைத்தா அவர்கள் முடிவு செய்வார்கள்? ஓகே, ஓகே, தேங்க்யூ என்று வைத்துவிட்டாள். விஷயத்தை அவரிடம் சொன்னாள். சரி என்றார், காப்பி கேட்டார்.

கருக்கிய கதையை அவர் வீட்டுக்கு வந்துதான் சொன்னார். ஆளை மயக்கவில்லை. விழித்திருக்க வேண்டுமாம். குப்புறப் போட்டு ஊசியைச் செருகி, சரியான இடம்தானா என்று பார்க்க மின்சாரம் விட்டார்கள். முதுகுச் சதை மீனாகத் துள்ளியது. அப்புறம் சூடு. மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள் என்று பெயர்தான், சூடான இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்து மூடியதைப்போல இருந்தது என்றார். நிறுத்தட்டுமா அங்கிள் என்று டாக்டர் நடுவில் கேட்டாராம். இவர் தலையணையைக் கடித்துக்கொண்டு, தாங்கலாம் டாக்டர், நீங்க செய்யுங்க என்றாராம். இதைக் கேட்டபோது தனலெட்சுமிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

உண்மையான கூத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கியது. ஊசி போட்ட இடத்தைச் சுற்றிக் கையகலத்துக்குத் தோல் நெருப்பாக எரிந்தது. சட்டை படக்கூடாது, போர்வை படக்கூடாது, சாயக்கூடாது. கைலியைக் கட்டிக்கொண்டு வெறும் உடம்போடு வீட்டுக்குள் நடந்தார். குப்புறப் படுத்துத் தூங்கினார், அதாவது தூங்கவில்லை. சரி, இந்த எரிச்சலோடு பழைய வலியாவது தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. பழைய வலி இருந்த வீட்டைக் காலி செய்யவில்லை, புதிய வலி பக்கத்து அறைக்குக் குடிவந்துவிட்டது. தனலெட்சுமி மருத்துவமனைக்குப் போன் அடித்தாள். சிலருக்கு அப்படி வரும், நார்மல், பொறுத்திருங்கள் என்றார்கள். மறுபடி அடித்தாள். மறுபடியும் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உச்சி மண்டை வரை பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் முதுகில் வைத்துப் பாருங்கள், நார்மலா என்று தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுச் சாதிக் பார்க்க வந்தார். வாசலில் அவர் குரல் கேட்டதும் திருநாவுக்கரசு அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, டாக்டர் கெட்டிக்காரர், கை ராசியான பிள்ளை, இப்போது எவ்வளவோ தேவலை என்று அளந்தார். சாதிக்குக்கும் இடுப்பு வலி உண்டு. அவருக்கும் அதே டாக்டரைச் சிபாரிசு செய்து போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். சாதிக் படியிறங்கியதும், ஐயோ தனம், கழட்டு, கழட்டு என்று துடித்தார். வியர்வையில் ஒட்டிய சட்டையை அவள் நனைத்து நனைத்து உரித்தெடுக்க வேண்டியிருந்தது. அன்று அவள் அவரைத் திட்டிய திட்டு சாதிக் வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டினாள்.

ஐந்தாவது வாரம் மருத்துவமனையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஃபஸீலா என்ற தாதி, ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, நம் தமிழ்ப் பேச்சுக்காரப் பெண்.

"ஆன்ட்டி, டாக்டர் அங்கிள ஒரு வாட்டி பாத்துட்டு, வலது பக்கமும் சுட்டுறலாம்னு சொல்றாரு. இந்த வாரமே டேட் இருக்கு."

"இடது பக்கமே இன்னும் எரியுது மிஸ்ஸி. பழைய வலியும் போகல."

"அது போகப் போகச் சரியாயிரும் ஆன்ட்டி. அங்கிளுக்கு டெஸ்ட் அவ்ளோ நல்லா வந்துச்சு. எம்பது பெர்சென் வலி போயிருச்சுன்னு அவரே டாக்டர்கிட்ட சொன்னாரு. அதுனாலதான் டாக்டர் இவ்ளோ நம்பிக்கையா செய்றாரு."

தனலெட்சுமி போனை வைத்தாள். எண்பது. அன்று பாலம் முழுக்க ஒரு மண்ணும் ஆகவில்லை என்று ஒப்பாரி வைத்த மனிதர் உள்ளே எண்பது என்று சொல்லியிருக்கிறார். அவள் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அவர் குப்புறப் படுத்திருந்தார்.

எண்பது சொன்னீர்களா என்று கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சொன்னேன் என்றார். எண்பது வலி போனதா என்றாள். வலி எங்கே போனது என்றார். பிறகு ஏன் என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் தலையைத் தூக்கினார்.

"நான் குப்புறப் படுத்திருக்கேன். ஊசி இன்னும் முதுகுலதான் இருக்கு. அந்தப் பையன் குனிஞ்சு, பெட்டரா அங்கிள், எழுவதா எம்பதான்னு கேக்குறான். ஒவ்வொரு குத்துக்கும் சாரி அங்கிள், சாரி அங்கிள்னு வேற சொல்றான். வேர்த்து ஊத்துது. அவ்ளோ சிரமப்பட்ட பையனுக்கு எப்படி லா பத்து போடுறது?"

இந்த மனிதரைப் பற்றித் தெரியாதவளா தனலெட்சுமி? கணக்குத் தப்பாக இருந்தாலும் கையெழுத்து அழகாக இருந்தால் பாதி மார்க், அழித்து அழித்துப் போட்டுப் பார்த்திருந்தால் முயற்சிக்குக் கொஞ்சம் மார்க் என்று பள்ளிக்கூடத்தில் அள்ளிக் கொடுத்தவர். வலி எவ்வளவு போனது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் டாக்டரின் உழைப்புக்கு மார்க் போட்டிருக்கிறார். அதுவும் எழுபதா எண்பதா என்று கேட்டால் பெரியதைப் போடுவதுதானே பெருந்தன்மை! அந்த மார்க்கை நம்பி இவருடைய நரம்பைச் சுட்டுப் பொசுக்கியிருக்கிறார்கள். இனி வலது பக்கத்தையும் பொசுக்கப் போகிறார்கள்.

"சுடுற அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"எம்பதுன்னு சொல்லிட்டு எப்படி மாத்துறது? என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

டாக்டர் என்ன நினைப்பார் என்பதற்காக முதுகைக் கொடுத்த மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள். அன்று மாலை வரை அவரோடு பேசவில்லை. பிறகு பேசாமல் இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தானே போய் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? சோதனையில் வலி போகவில்லை. சுட்ட பிறகும் போகவில்லை. எரிச்சல் தாங்க முடியவில்லை. வலது பக்கம் வேண்டாம். நான்கே வரி. சொல்கிறேன் என்றார். தீவுக்குப் போகும்போது காரில் மறுபடி கேட்டாள். நல்ல பிள்ளையாக நான்கு வரியையும் ஒப்பித்தார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள். நீ சொன்னால் நல்லாவா இருக்கும், நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

டாக்டர் ஹைக்கல் வழக்கம்போலக் கைகூப்பிக்கொண்டு அறைக்குள் வந்தார். எப்படி இருக்கிறீர்கள் அங்கிள் என்றார். தனலெட்சுமி தன் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. தெருவில் வைத்துக்கொள்ளும் அதே சிரிப்பு. பெட்டர் டாக்டர், ரொம்பவே பெட்டர் என்றார். டாக்டருக்கு முகம் மலர்ந்தது. எரிச்சல் என்று மிஸ்ஸி சொன்னாரே என்று கேட்டார். அதெல்லாம் சும்மா கொஞ்சம், இவளுக்குப் பயம் ஜாஸ்தி என்று இவளையே கைகாட்டினார். டாக்டர் கணினிப் பக்கம் திரும்பினார். அப்படியானால் வெள்ளிக்கிழமை வலது பக்கத்தை முடித்துவிடுவோம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார். திருநாவுக்கரசு, தேங்க்யூ டாக்டர் என்றார்.

தனலெட்சுமி யோசித்துச் செய்யவில்லை. வார்த்தையால் சொன்னால் இவளுக்குப் பயம் ஜாஸ்தி என்று மறுபடியும் சிரித்து மழுப்பிவிடுவார் என்பது மட்டும் தெரிந்தது. கையை நீட்டி, சட்டைக்கு மேலேயே, அந்த இடது பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

அவர் அலறிவிட்டார். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. ஃபஸீலா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்களில் நீர் வழிந்தது. இத்தனை வாரமாகத் துணி உரசாமல், காற்று அடிக்காமல் அவள் காத்துவந்த இடம் அது. தன் விரலைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. சோதனையன்று சொன்ன எண்பது பொய், வலி துளிகூடப் போகவில்லை, உங்களுக்காகச் சொன்னார் என்று மலாயில் மளமளவென்று கொட்டித் தீர்த்தாள்.

டாக்டர் எழுந்து வந்து திருநாவுக்கரசுவைப் பிடித்து உட்கார வைத்தார். அங்கிள், நிஜமாகச் சொல்லுங்கள், அன்றைக்கு எவ்வளவு போனது என்று மெதுவாகக் கேட்டார். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பத்து. அதுவும் உங்களுக்காகத்தான்."

டாக்டர் கணினியில் தட்டிய வெள்ளிக்கிழமையை அழித்தார். பிறகு சொன்னார். பத்து என்றால் அந்த நரம்பில் கோளாறே இல்லை. நான் தொட்டிருக்கக் கூடாது. வலது பக்கம் வேண்டாம். தோல் எரிச்சல் தானாகத் தணியும், எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு மருந்து தருகிறேன். பழைய வலிக்கு முதலிலிருந்து தேட வேண்டும்.

தனலெட்சுமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குப்புறப் படுத்திருக்கும் மனிதரிடம், ஊசியைக்கூட எடுக்காமல், எழுபதா எண்பதா என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவர் வேறு என்ன சொல்வார் என்று கேட்டாள். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. தப்புதான் ஆன்ட்டி என்றார். எழுப்பி நடக்க வைத்து, வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து கேட்டிருக்க வேண்டும், அன்று நிறையப் பேர் காத்திருந்தார்கள் என்றார். அப்புறம், குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"ஆன்ட்டி, அன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப அவர் எப்படி இருந்தாரு?"

"கார்ல ஏறினதுலேர்ந்து வலி போகலன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தாரு."

"நாங்க போன் பண்ணப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

ஓகே, ஓகே, தேங்க்யூ என்று தான் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று தானும்தான் வாயை மூடிக்கொண்டாள். உண்மை அவள் காதில் பாலம் முழுக்கக் கொட்டப்பட்டது. அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க அவளைவிட்டால் ஆள் இல்லை. சேர்க்கவில்லை. இத்தனை நாள் அவரைத் திட்டிய திட்டில் பாதி தனக்கு வரவேண்டியது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். கை கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார், தேங்க்யூ என்றார். கார்க் கதவைத் திறந்துவிட்டாள். அவர் முதுகு படாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். வேறு வழி தெரியவில்லை என்று சொன்னாள். தெரியும், நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்றார் அவர். அதோடு சரி.

பாலத்தில் ஏறியதும் அவர் தொடங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அந்த டாக்டருக்கு என்ன தெரியும், நீ என்ன பெண்பிள்ளையா பேயா, இப்படியா விரலை வைத்துக் குத்துவது என்று ஒரு பாட்டம் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சொல்லப்போனால் அதற்காகக் காத்திருந்தாள். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. வாய் திறக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"இல்ல, பரவால்ல."

வேகத்தைக் குறைத்து இடது தடத்துக்கு மாறினாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போனான்.

"நான்தானே கேக்குறேன். வலிச்சா எங்கிட்ட சொல்லுங்களேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தெருவில் வைத்துக்கொள்ளும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல தனம். நல்லாத்தான் ஓட்டுற."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் நன்றாகக் கார் ஓட்டுகிறாள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பட்டர்வொர்த் பக்கம் திரும்பினாள்.